கோளரங்கமும் நட்சத்திர விற்பனையும்

கோளரங்கங்களுக்குப் பொருள் சேர்க்கும் உபாயங்களில் ஒன்றாக, வானத்திலுள்ள நட்சத்திரம் ஒன்றைப் பணம் கொடுப்பவரின் பெயரிலோ அவர் அன்பு பூண்ட ஒருவரின் பெயரிலோ எழுதிவைத்து, அதற்கு அத்தாட்சியாக அழகிய பத்திரம் ஒன்றையும், அந்த நட்சத்திரம் இருக்கும் இடத்தை வட்டமிட்டுக் காட்டும் வான்படம் ஒன்றையும் அளிக்கும் வழக்கம் மேல்நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கோளரங்கங்களும் பொதுமக்களுக்கான வானாய்வு நிலையங்களும் நட்சத்திரங்களுக்குப் புரவலர்களைத் தேடுகின்றன. அமெரிக்காவில் நட்சத்திரங்களைத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு அப்பால், லாபம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு பெயர்களை விற்கும் வியாபார ஸ்தாபனங்கள் பல தேசங்களில் கடை விரித்திருக்கின்றன. இவற்றைப் பற்றிப் படித்தவர்களிடையே நிலவும் அபிப்பிராயம் பெரும்பாலும் ஒன்றே: “வியாபாரி விற்பது தவறாயிருக்கலாம், ஆனால் கோளரங்கம் விற்றால் அந்தப் பணம் கல்விக்குத்தானே போகிறது? வானத்தில் நட்சத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. கொடுப்பவருக்கு மகிழ்ச்சி, வாங்கும் ஸ்தாபனத்துக்கு வருமானம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?” இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறானது என்றும், வியாபாரி விற்பதைக் காட்டிலும் கோளரங்கம் விற்பதே பெரிய தீங்கு என்றும், கோளரங்கங்களின் க்ஷேமத்தை நாடுவோரே இதனை முதலில் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் நான் திடமாக நம்புகிறேன்.

விற்கப்படும் பொருள் இன்னதென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வானத்துப் பொருள்களுக்குப் பெயரிடும் பொறுப்பை உலகத்து வானியலறிஞர்கள் ஒருமனதாக ஒப்படைத்திருப்பது, 1919-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேச வானியல் ஒன்றியத்திடம். அவ்வொன்றியம் நட்சத்திரப் பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2016-இல் ஒரு குழுவை அமைத்து, பல தேசத்து மக்கள் வழிவழியாக வழங்கிவந்த பெயர்களை ஆராய்ந்து, சில நூறு பெயர்களை அங்கீகரித்திருக்கிறது. அவற்றுள் நம்முடைய ரேவதியும் பரணியும் ஆசிலேஷையும் இடம்பெற்றிருக்கின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பணத்துக்கு ஒரு பெயரையும் அது விற்பதில்லை; விற்கப்படும் பெயர்களுக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று அது பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. ஆகவே விலைகொடுத்து வாங்கிய பெயர், விற்றவருடைய பதிவேட்டில் அன்றி வேறெங்கும் காணப்படாது; எந்த வானாய்வாளரும் அதைக் கையாளமாட்டார்; ஒருவர் விற்ற அதே நட்சத்திரத்தை இன்னொருவர் வேறொருவருக்கு வேறொரு பெயரில் விற்பதைத் தடுப்பாரும் இல்லை. தங்கள் பதிவேடு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது என்று சில வியாபாரிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அச்சிட்ட எந்தப் புத்தகத்துக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். புத்தகத்தை மற்றவர் நகலெடுக்கக் கூடாது என்பதற்கு மேல், அதிலுள்ள பெயர்களுக்கு அது ஒரு மதிப்பையும் தருவதன்று. நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை 1998-ஆம் ஆண்டில் இத்தகைய ஸ்தாபனம் ஒன்றின்மீது, மக்களை ஏமாற்றும் வியாபார முறை என்று கூறி நடவடிக்கை எடுத்தது.

விற்கப்படும் நட்சத்திரங்களோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. முழு வானத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் வெறுங்கண்ணால் காணத்தக்கவை சுமார் 9,000 நட்சத்திரங்களே. அவற்றுள் பிரகாசமானவற்றுக்கு முன்னோர் இட்ட பெயர்கள் உண்டு. ஐரோப்பியரின் ‘கையா’ விண்கலம் தொகுத்த பட்டியலிலோ ஏறக்குறைய 180 கோடி ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. விற்பனைக்கு வருவன இந்தப் பெருங்கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. வாங்கியவர் இரவில் முற்றத்தில் நின்று தம்முடைய நட்சத்திரத்தைத் தேடினால் அங்கே இருளைத் தவிர வேறொன்றையும் காணமாட்டார்.

இனி, “யாருக்கு நஷ்டம்?” என்னும் வினாவுக்கு வருவோம். ஜெர்மனியில் ஜெய்ஸ் தொழிற்சாலை செய்த முதற் கோளரங்கக் கருவி 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மியூனிக் நகரத்து அருங்காட்சியகத்தில் சுமார் 4,500 நட்சத்திரங்களைக் குவிமாடத்தில் வீசிக் காட்டியபோது, அதுகாறும் நூல்களிலும் வான்படங்களிலும் மட்டுமே கிடைத்த ஞானம் எழுத்தறியாதவனுக்கும் ஒரு மணி நேரத்தில் கைகூடியது. அன்றுமுதல் கோளரங்கத்தின் கடமை, வானத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி எல்லா ஜனங்களுக்கும் எடுத்துச் சொல்வதாயிற்று. அதனிடம் உள்ள மூலதனம் அந்தக் கருவியன்று, குவிமாடமன்று. அங்கே சொல்லப்படுவது மெய் என்று வருகிற ஒவ்வொருவரும் கொண்டுள்ள நம்பிக்கையே. உள்ளே, இருட்டில், ஆசிரியர் ஒளிக்கோலை நீட்டி, “இது சுவாதி, இது சித்திரை, அதோ தெற்கே தாழ்ந்து தெரிவது அகத்தியர்” என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறார். வெளியே, நுழைவுச்சீட்டு விற்கும் மேஜைமீதே, யாரும் அங்கீகரிக்காத ஒரு பெயரை நட்சத்திரத்துக்குச் சூட்டியதாகப் பத்திரம் எழுதித் தருகிறார்கள். இவ்விரண்டையும் ஒரே ஸ்தாபனம் செய்கிறபோது குழந்தை எதை நம்புவது? வியாபாரியின் பத்திரத்தைச் சந்தேகிப்பவன்கூட, கோளரங்கத்தின் முத்திரை பதித்த பத்திரத்தைச் சந்தேகிக்கமாட்டான். வியாபாரி செய்யும் தீங்கு அவனிடம் வாங்கியவரோடு நின்றுவிடுகிறது. கோளரங்கம் செய்யும் தீங்கோ, அது இனிமேல் சொல்லப்போகும் ஒவ்வொரு மெய்யையும் தொற்றிக்கொள்கிறது. இதைத்தான் பெரிய தீங்கு என்று நான் முதலில் சொன்னேன்.

இதற்கு எதிராகச் சரித்திரத்தைத் துணைக்கழைப்பவர்கள் உண்டு. “வானாய்வாளர்கள் எக்காலத்திலும் புரவலர்களின் பெயரை வானத்தில் எழுதித்தான் பணம் பெற்றார்கள்; கலீலியோ செய்ததைக் கோளரங்கம் செய்தால் குற்றமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு வலுவான யுக்திதான். ஆனால் அந்தச் சரித்திரத்தைப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படித்தால் அது வேறு பாடத்தையே புகட்டுகிறது.

1610-ஆம் ஆண்டில் கலீலியோ வியாழனைச் சுற்றிவரும் நான்கு துணைக்கோள்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பிளாரன்ஸ் நகரத்தை ஆண்ட மெடிசி குடும்பத்தின் பெயரைச் சூட்டி, அதன் பயனாக அந்நாட்டுப் பிரபுவின் சபையில் தலைமைக் கணிதரானார். பதவி கிடைத்தது மெய், பெயர் நிலைக்கவில்லை. இன்று பள்ளிச் சிறுவர்களும் அறிந்திருப்பவை அயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்பவையே. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் புதிய கிரகம் ஒன்றைக் கண்டு, அதனை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அழைத்தார். மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் ஏற்படுத்தினார். ஆங்கிலேயரின் கடற்பயணப் பஞ்சாங்கம் 1850 வரையில் அப்பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தும், மற்ற தேசத்தார் அதனை ஏற்கவில்லை. ஜெர்மானிய வானியலறிஞர் போடே சொன்ன யுரேனஸ் என்ற பெயரே நின்றது. ஆங்கிலேய வானாய்வாளர் ஹாலி தம் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒளிந்து உயிர் தப்பிய கருவாலி மரத்தைத் தென்வானத்தில் ஒரு மண்டலமாக வரைந்தார். இன்று ஒன்றியம் ஏற்றுள்ள 88 மண்டலங்களில் அது இல்லை.

இவ்வரிசையில் நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானது போலந்து மன்னர் ஸோபியெஸ்கியின் வரலாறு. தான்ஸிக் நகரத்து வானாய்வாளர் ஹெவேலியஸின் ஆய்வுநிலையம் 1679-இல் தீக்கிரையாயிற்று; பல ஆண்டு உழைப்பும், தம் கையாலேயே செய்த கருவிகளும், நூல்களும் எரிந்தன. அதை மறுபடி எழுப்ப மன்னர் பொருளுதவி செய்தார். நன்றியுள்ள அந்த முதியவர் 1684-இல் வானத்தில் ஒரு சிறு மண்டலத்தை அமைத்து, அதற்கு ‘ஸோபியெஸ்கியின் கேடயம்’ என்று பெயரிட்டார். ஒரு வானாய்வு நிலையத்தைக் காத்தவருக்குச் செலுத்திய நன்றி என்பதால் இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் காலம் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: மண்டலத்தை அது ஏற்றுக்கொண்டது, மன்னரின் பெயரை மட்டும் நீக்கிவிட்டது. இன்று அது வெறும் ‘கேடயம்’. அரசரின் பெயர் ஒட்டிக்கொண்டு நிலைத்த உதாரணம் ஒன்றேனும் இல்லையா என்றால், உண்டு: வடவானத்தில் வேட்டைநாய்கள் மண்டலத்தின் முதல் நட்சத்திரத்தைச் ‘சார்லஸின் இதயம்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரால் இன்றும் வழங்குகிறார்கள். அது ஒருவர் விலைகொடுத்து வாங்கியதன்று. வான்படம் வரைந்தோர் பலரும் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்டதனால் நின்றது.

வெளிப்படையான விற்பனையும் ஒருமுறை நடந்தது. வியன்னா நகரத்து ஜொஹான் பலீஸா, 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துச் சூரிய கிரகணத்தைக் காணச் செல்வதற்குப் பணம் தேவைப்பட்டபோது, தாம் கண்டுபிடித்த சிறுகோளுக்குப் பெயரிடும் உரிமையை 50 பவுனுக்கு விற்பதாக அறிவித்தார். செல்வர் ரோத்ஸ்சைல்டு அதை வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 250 என்னும் எண்ணுடைய பெட்டினா என்ற சிறுகோள் இன்றும் அப்பெயரிலேயே இருக்கிறது. நட்சத்திர விற்பனையை ஆதரிப்போர் இதை ஆதாரமாகக் காட்டலாம். ஆனால் பலீஸா விற்றது தாமே கண்டுபிடித்த பொருளின் பெயரை. அக்காலத்து முறைப்படி அந்த உரிமை கண்டுபிடித்தவருக்கு மெய்யாகவே இருந்தது. வாங்கியவருக்குக் கிடைத்த பெயரை உலகத்து வானாய்வாளர் அனைவரும் ஏற்றனர். இன்று நட்சத்திரத்தின் பெயரை விற்கும் கோளரங்கம் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கவும் இல்லை. பெயரிடும் உரிமை அதற்கு இருந்ததும் இல்லை. அது கொடுக்கும் பெயரை யாரும் ஏற்கப்போவதும் இல்லை. பலீஸாவின் செயல் சரியா தவறா என்பது வேறு விவாதம். அவருடைய செயலைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

எதிர்த்தரப்பாரின் யுக்திகளில் என் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. அது துக்கத்தைப் பற்றியது. மேல்நாடுகளில் நட்சத்திரம் வாங்குவோரில் குழந்தையை இழந்த பெற்றோரும், துணையை இழந்த முதியோரும் உண்டு. “அவர்களுக்கு ஆறுதல் தருகிற ஒன்றைச் சாஸ்திர சுத்தத்தின் பெயரால் பறிப்பது கருணையா?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளுபவன் மனிதனல்லன். ஆனால் இதற்கு உரிய விடையை, இத்தகைய பத்திரத்தைக் கையில் ஏந்தி வருபவர்களை வானாய்வு நிலையங்களில் எதிர்கொள்ள நேர்ந்தவர்கள் அறிவார்கள். இறந்த மகனுடைய நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் காட்டும்படி ஒரு தாய் கேட்கிறாள். காட்டுபவர் செய்வது என்ன? மங்கலான ஏதோ ஒரு புள்ளியைக் காட்டி, “அதுதான்” என்று சொல்லி அனுப்பலாம். அது இரண்டாவது பொய். அல்லது, இப்பெயரை உலகில் ஒருவரும் அறியார் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லலாம்; அது அவளுக்கு இரண்டாவது சாவு. ஆறுதல் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருள், அதை நம்பியவரை என்றேனும் ஒருநாள் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்று தெரிந்தும் கொடுப்பது கருணையாகாது. விற்றவர் கோளரங்கமேயானால், அந்தத் தாய் திரும்பி வரும் வாசலும் அதன் வாசலேயாகும்.

துக்கத்தில் இருப்பவர் வானத்தில் தம் அன்பை நிலைநாட்ட விரும்பினால், அதற்கு வழி இல்லையா? இருக்கிறது, அதைக் காட்டியவர் ஒரு கைம்பெண். அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் வானத்தின்மீது கொண்ட ஆசையால், நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் புகைப்படம் எடுப்பதில் முன்னோடியாக விளங்கினார். 1880-இல் மிருகசீரிட மண்டலத்து நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படத்தில் பதித்தவர் அவரே. அவருடைய மனைவி அன்னா பாமர் டிரேப்பர் ஆய்வுகளில் அவருக்கு உடனிருந்து உதவியவர். 1882-இல், நாற்பத்தைந்து வயதில், டிரேப்பர் காலமானார். அந்த அம்மையார் செல்வம் படைத்தவர். அவர் ஒரு நட்சத்திரத்துக்குக் கணவரின் பெயரை இடும்படி கேட்கவில்லை. கணவர் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலையை முடிக்கும்படி, ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்கு 1886-ஆம் ஆண்டுமுதல் ஆண்டுதோறும் பொருள் அளித்து வந்தார்; தம் மரணத்துக்குப் பின்னும் அவ்வேலை தடைப்படாதபடி பணம் எழுதிவைத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு, அந்நிலையத்தின் தலைவர் பிக்கரிங்கின் கீழ், கண்ணாடித் தகடுகளைக் கண்ணால் பார்த்துக் கணக்கிட்ட பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவர்களுள் செவிப்புலன் குன்றியவராகிய ஆன்னி ஜம்ப் கானன், நட்சத்திரம் நட்சத்திரமாக எடுத்து வகைப்படுத்தி, இன்றுவரை வழங்கும் பகுப்பு முறையை நிலைநாட்டினார். 1918-க்கும் 1924-க்கும் இடையில் வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியல் 225,300 நட்சத்திரங்களைக் கொண்டது. அந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றின் எண்ணுக்கும் முன்னால் எச்.டி. என்ற இரண்டெழுத்து நிற்கிறது. அவை டிரேப்பரின் பெயருக்கு முதலெழுத்துக்கள். உலகத்தில் எந்த வானாய்வாளர் அந்த நட்சத்திரங்களில் ஒன்றை அந்த எண்ணால் குறிப்பிட்டாலும் அந்த அம்மையாரின் கணவருடைய பெயரைத் தொட்டே செல்கிறார். இதற்காக எவரும் எவருக்கும் பத்திரம் எழுதித் தரவில்லை. மெய்யான வேலைக்கு மெய்யான பணம் கொடுக்கப்பட்டது. பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

சிலர் இன்னும் ஒரு படி இறங்கிவந்து, “நாங்கள் பெயர் சூட்டவில்லை, தத்துக் கொடுக்கிறோம், அவ்வளவே” என்பார்கள். நட்சத்திரத்தின் உரிய பெயரையோ எண்ணையோ மாற்றாமல், கொடுப்பவருக்கு வானத்தில் யாதொரு உரிமையும் இல்லை என்பதைப் பத்திரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் அதன் தலைப்பிலேயே சொல்லி, வரும் பணம் இன்ன வேலைக்குச் செலவாகிறது என்று கணக்கும் காட்டினால், அத்தகைய தத்தை நான் எதிர்க்கமாட்டேன். ‘கெப்ளர்’ விண்தொலைநோக்கி கண்காணித்த நட்சத்திரங்களை 10 டாலர் நன்கொடைக்குத் தத்துக் கொடுத்து, அப்பணத்தை நட்சத்திரங்களின் அதிர்வுகளை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு அளித்த ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் உண்டு; அதில் கொடுப்பவரும் ஆராய்ச்சியில் ஒரு பங்காளியாகிறார். ஆனால் தத்துப் பத்திரம் பெரும்பாலும் பிறந்தநாள் பரிசாகவோ திருமணப் பரிசாகவோ மூன்றாம் மனிதர் கையில் போய்ச் சேர்கிறது. அவர் காண்பது தம் பெயரும், ஒரு நட்சத்திரத்தின் படமும், ஒரு முத்திரையுமே. நிபந்தனைகளை அவர் படிப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே தத்துக் கொடுப்பவர் கொடுக்கும் வேளையில் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. பத்திரம் எவர் கைக்குப் போனாலும் அது தானே நேர்மையாகப் பேச வேண்டும்.

கடைசியாக எஞ்சுவது வறுமையைப் பற்றிய வாதம். கோளரங்கங்கள் நலிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. 1958-இல் திறக்கப்பட்டு, தலைமுறைக் கணக்கில் குழந்தைகளை வானத்தோடு பழக்கிய லண்டன் கோளரங்கம், ஒரு கேளிக்கை ஸ்தாபனத்தின் கையில் இருந்தபடியால் 2006-இல் வானியற் காட்சிகளை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய நகரத்திலேயே இது நேர்ந்ததென்றால் சிறிய ஊர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பணம் தேவை என்பதனாலேயே எதையும் விற்கலாம் என்று ஆகிவிடாது. தன்னுடையது எதுவோ அதைத்தான் விற்க முடியும். கோளரங்கத்துக்குச் சொந்தமானவை நிறைய இருக்கின்றன. குவிமாடத்தின் கீழுள்ள ஆசனங்கள் அதனுடையவை. ஒவ்வொரு காட்சி வேளையும் அதனுடையது. கிராமத்துப் பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லும் காற்றடைத்த சிறு குவிமாடம் அதனுடையது. சிகாகோ நகரத்தில் 1930-இல் திறக்கப்பட்ட கோளரங்கத்துக்குப் பணம் கொடுத்த மாக்ஸ் ஆட்லரின் பெயர் அந்தக் கட்டடத்தின்மேல் இருக்கிறது. 1963-இல் பிரதமர் நேரு திறந்துவைத்த கல்கத்தாக் கோளரங்கத்தின்மேல் பிர்லாவின் பெயர் இருக்கிறது. கட்டடத்துக்குக் கொடுத்தவர் பெயர் கட்டடத்தில் நிற்பதில் பொய் ஏதும் இல்லை.

நட்சத்திரத்தைத்தான் ஒருவர் விரும்புகிறார் என்றாலும் நேர்மையான வழி ஒன்று உண்டு. பழைய ஜெய்ஸ் கருவியின் உள்ளே மெல்லிய செப்புத் தகடுகள் இருக்கும். நட்சத்திரங்களின் இடங்களில் அவற்றில் நுண்ணிய துளைகள் இடப்பட்டிருக்கும். ஒளி அத்துளைகளின் வழியே புறப்பட்டுக் குவிமாடத்தில் நட்சத்திரங்களாகத் தோன்றும். அந்தத் துளை வானத்தின் சொத்தன்று, கோளரங்கத்தின் சொத்து. “எங்கள் குவிமாடத்தில் திருவாதிரையாகத் தோன்றும் இந்த ஒளியை இந்த ஆண்டு எரியச் செய்பவர் இவர்” என்று பலகையில் எழுதுவது முழு மெய். அதில் வான்படம் திருத்தப்படவில்லை, எவரும் ஏமாற்றப்படவில்லை. கணிப்பொறி கொண்டு காட்டும் இக்காலத்துக் கருவிகளுக்கும் இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

இந்த விஷயம் மேல்நாட்டோடு நிற்கவில்லை. அபிமான நடிகரின் பிறந்தநாளுக்கு அவர் பெயரில் நட்சத்திரம் வாங்கியதாக ரசிகர்கள் கொண்டாடும் செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளிலும், அங்கீகாரம் உண்டா இல்லையா என்ற விசாரணை சிறிதும் இன்றி, வெளிவருகின்றன. நமக்கு இந்த வியாபாரம் சற்றும் பொருந்தாதது. நம் வீடுகளில் பிறக்கும் குழந்தைக்கு நட்சத்திரம் வாங்கித் தர வேண்டிய தேவை என்றுமே இருந்ததில்லை. சோதிடத்தின் பலாபலன்களை நான் இங்கே பேச வரவில்லை, ஆனால் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கிறவரிடம் பெயரோடு நட்சத்திரத்தையும் குருக்கள் கேட்கிறார் என்பதை எல்லோரும் அறிவோம். அந்த இருபத்தேழு நட்சத்திரங்களும் எல்லோருக்கும் பொது. ரோகிணியில் பிறந்த நிலச்சுவான்தாரும் ரோகிணியில் பிறந்த கூலியாளும் ஒரே ரோகிணிக்கு உரியவர்கள். பணம் அதிகம் கொடுத்தவருக்கு அதிகம் பிரகாசமான ரோகிணி என்ற பேச்சு நம்மிடம் இல்லை. நட்சத்திரத்தின் பெயரை மனிதர் தாங்கினார்களே அன்றி, தம் பெயரை நட்சத்திரத்தின்மேல் ஏற்றவில்லை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வு நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ஆம் ஆண்டில், ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தென்வானத்து ரெட்டிக்யூலம் மண்டலத்தில் கண்டுபிடித்தார். மெய்யாகவே ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த அந்த மனிதருடைய பெயர் அதற்கு இடப்படவில்லை. விதிப்படி ‘ஆர் ரெட்டிக்யூலை’ என்ற குறியீட்டையே அது பெற்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகத்தின் எந்த மூலையிலுள்ள வானாய்வாளரும் அந்தக் குறியீட்டைக் கொண்டு அதைத் தேடிக் காண முடிகிறது. நம்மவர் ஒருவரின் பெயரை வானத்தில் காண வேண்டும் என்ற ஆசையும் முறையான வழியில் நிறைவேறியிருக்கிறது. சர்வதேச ஒன்றியம் 2019-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் ஒப்படைத்துப் பொதுமக்களையே பெயர் சொல்லக் கேட்டபோது, இந்தியாவின் பங்காக வந்த எச்.டி. 86081 என்னும் நட்சத்திரத்துக்கு, காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பௌதிக அறிஞர் பிபா சௌதுரியின் நினைவாகப் பிபா என்ற பெயர் சூட்டப்பட்டது. இலங்கை தன் பங்காக வந்த நட்சத்திரத்துக்கும் கிரகத்துக்கும் சமாதானத்தையும் ஒற்றுமையையும் குறிக்கும் சிங்களப் பெயர்களைத் தேர்ந்தது. இப்பெயர்களுக்கு ஒருவரும் ஒரு காசும் கொடுக்கவில்லை. உலகம் முழுவதும் இவற்றை ஏற்கிறது. பிபாவின் எண்ணிலும் டிரேப்பர் அம்மையாரின் கொடை நிற்கிறது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

ஆகவே கோளரங்கங்களை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இது: நட்சத்திரப் பெயரை விற்கும் திட்டத்தை எவர் கொண்டுவந்தாலும், அதில் எவ்வளவு வருமானம் காட்டினாலும், அதை ஏற்காதிருங்கள், ஏற்கெனவே நடத்துகிறவர்கள் நிறுத்திவிடுங்கள், முன்பு பத்திரம் பெற்றவர்களுக்கு அதன் உண்மை நிலையை மரியாதையோடு எழுதித் தெரிவியுங்கள். பணம் கொடுக்க மனமுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னைக் கோட்டூர்புரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் கோளரங்கங்கள் இருக்கின்றன. இறந்தவரின் நினைவாகவோ பிறந்தவரின் மகிழ்ச்சிக்காகவோ நீங்கள் ஒரு பத்திரத்துக்குக் கொடுக்க எண்ணிய தொகையை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். ஒரு வகுப்புக் குழந்தைகளுக்கு வண்டிச் சத்தமும் நுழைவுச்சீட்டும் கொடுத்து அவர்களை அங்கே அனுப்பிவையுங்கள்.